சிப்பி நிறத்தில் ஒரு கவுன்

போன வாரம் கைபேசி கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அலுவலகம் முடிந்து வரும் வழியில் ஒரு செல்போன் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் புதுக் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, சின்னக் குழாய் ஒன்றைத் திருகித் திறந்து விளிம்பெல்லாம் பசை தடவினார். அந்த வாசம் வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "அண்ணாச்சி, வெளிய நிக்கேன். முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன். உன் தையல் கடையில் துணிமேல் முத்து ஒட்டும் பசைக்கும் அதே வாசம்தான். தலை கிறுகிறுக்கும். காற்றில் துணி பறக்கும் என்று சொல்லி நீ ஜன்னலைத் திறக்க விடமாட்டாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அழுகை வருவதில்லை. முகம் சூடாகிறது. துக்கம்கூட எனக்கு வெட்கத்தின் வழியாகத்தான் வருகிறது. இதை வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

என் கல்யாணம் நின்றுபோன நாட்களிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று ஞாயிறும் மாதா கோயிலில் ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் வாசித்தபோது ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஊரில் யாரும் தடை சொல்லவில்லை. கப்பலில் வேலை பார்த்த மாப்பிள்ளைதான் சொன்னான். அதுவும் என்னிடம் இல்லை. அவன் அண்ணனுக்குப் போன் போட்டு, "எனக்கு மனசு இல்ல" என்று மட்டும் சொன்னானாம். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரணம் தெரிந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். தெரியாததால் வெட்கப்பட்டேன். என்னிடம் எதையோ அவன் பார்த்துவிட்டான், அது எனக்குத்தான் தெரியவில்லை, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அதிகாலை முதல் பூசைக்கு மட்டும் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவேன். வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிர்வதில்லை. நீ எனக்காகத் தைத்த வெள்ளை சாட்டின் கவுன் உன் கடையிலேயே தொங்கியது. அதை வாங்க நான் வரவில்லை. நீயும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா உனக்குக் குசினியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நீ சுற்றி வளைக்காமல் கேட்டாய்.

"ஏளா, அந்தக் கவுனை எனக்குத் தாரியா?"

ஒரு போட்டோ ஷூட் செய்யப்போவதாகச் சொன்னாய். நம் ஊர்ப் பெண்கள் கல்யாண உடை என்றால் சென்னைக்கும் மதுரைக்கும் ஓடுகிறார்கள். இங்கேயும் ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நாசரேத்திலிருந்து ஜெபா படம் எடுக்க வருகிறான். காயல்பட்டினத்தில் மணப்பெண் அலங்காரம் செய்யும் ரிஸ்வானா வருகிறாள். உடை உன்னுடையது. யாரும் யாருக்கும் கூலி தர வேண்டாம், அவரவர் வேலை அவரவர் பெயரில் வெளியே வரும். அதுதான் ஏற்பாடு.

"கொளுத்திப் போடு அத. என் கண்ணுல படக்கூடாது" என்றாள் அம்மா, குசினியிலிருந்தே.

"எடுத்துக்க. வெட்டு, கிழி, என்னமும் செய். என்னையக் கூப்பிடாத" என்றேன் நான்.

"அடுத்தவ கல்யாணத்துக்குன்னு தச்சதுல என்னால கத்திரி வைக்க முடியாது. நீ வந்து பிரிச்சுத் தா. அப்புறம் அது வெறும் துணி."

அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். அலுவலகம் விட்டதும் உன் கடையின் பின்னறைக்கு வந்து, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, தையலை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். நீ அடர்த்தியாகத் தைப்பவள், சீக்கிரம் பிரியாது. பிரிக்கப் பிரிக்க எனக்கு அழுகை வரும் என்று நீ எதிர்பார்த்திருக்கலாம். எனக்குக் கூச்சம்தான் வந்தது. இடுப்பு, மார்பு, தோள் என்று என் உடம்பே துண்டு துண்டாக மேசைமேல் கிடப்பதுபோல் இருந்தது. ஜெபா வந்தால் அவற்றை மடித்து மடியில் வைத்துக்கொள்வேன்.

ஜெபா சுவரில் படங்களாக ஒட்டி வைத்திருந்தான். மணல், நங்கூரம், சங்கு, கடல்கன்னி. நடுவில் ஒரு வெளிநாட்டுப் பெண் மீன்வலையைத் தலையில் போட்டு நின்றாள். அவனுக்கு அந்தப் படத்தின் மேல் ஆசை. "முத்து விளையுற கடக்கரை. மணப்பெண்ணுக்கு முக்காடே வலைதான். அசல் வலை. யாரும் செஞ்சிருக்க மாட்டாங்கக்கா" என்றான் உன்னிடம்.

நான் தலை நிமிராமலே சொன்னேன். "வலைய எங்க பொண்ணுங்க தலையில போடமாட்டோம்."

நான் பேசியதே அதுதான் முதல் தடவை. ஜெபா, "ஏன்க்கா, உங்க அடையாளம்தான அது?" என்றான். அவன் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை.

"வலை வாசம் போகணும்னுதான் கல்யாணத்துக்கு முந்தி சீயக்காயும் சந்தனமும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்போம்" என்றேன். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் மூக்கைப் பிடிப்பார்களே, அது உனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கருப்பட்டிக் கடைக்காரர் மகள் நீ, அன்று உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாய். இப்போதும் எழுந்து போய் அந்த வலைப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாய்.

"சரி. வலை வேண்டாம். நீ சொல்லு, வேற என்ன?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கை கழுவும்போது சோப்பு வைக்கும் சிப்பியைப் பார்த்தேன். தாத்தா காலத்திலிருந்து கிடக்கும் முத்துச்சிப்பி ஓடு. கழுவித் துடைத்துக் கைப்பையில் போட்டு உன்னிடம் கொண்டுவந்தேன். சோப்பு ஓடு என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. நீ அதை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். சாம்பல், கொஞ்சம் சாய்த்தால் இளஞ்சிவப்பு, இன்னும் சாய்த்தால் லேசான பச்சை.

"முத்து வெள்ளைன்னுல்லா எல்லாரும் வெள்ளையத் தூக்கிட்டுத் திரியுதோம். அது கிடந்த வீட்டப் பாத்தியாளா?" என்றாய்.

அன்றிலிருந்து நீ வேறு ஆளாகிவிட்டாய். முதலில் வெள்ளை சாட்டினைச் சாயத்தில் முக்கினாய். தேயிலைத் தண்ணீர், சொட்டு நீலம், இரண்டும் கலந்தது என்று பின்கட்டு முழுக்க வாளியாக நின்றது. காய்ந்ததும் அதைத் தூக்கிப் பிடித்து, "தரை துடைக்கிற துணி மாதிரி இருக்கு" என்று நீயே கீழே போட்டாய். இளஞ்சிவப்புக்குச் சாயம் ஏற்றினால் மிட்டாய்போல் ஆனது. ஒரு துண்டைக் கோபத்தில் கால்மிதியாகவே போட்டுவிட்டாய். கடைசியில் ரிஸ்வானாதான் வழி காட்டினாள். அவளுடைய பழைய துப்பட்டா ஒன்று, உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய சாம்பல் நிற ஆர்கன்சா, நாற்காலியில் கிடந்த இளஞ்சிவப்புச் சாட்டின் மேல் விழுந்து கிடந்தது. அவள் அதை எடுக்கப் போனபோது, "தொடாத!" என்று கத்தினாய். அவள் பயந்துபோனாள். ஒரே நிறத்தைத் தேடியதுதான் தப்பு என்று உனக்கு அப்போது புரிந்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று. நடந்தால் இரண்டும் விலகி விலகி நிறம் மாறும்.

முதுகு திறந்திருக்க வேண்டும் என்றான் ஜெபா. "மூடுனா அழகு போயிருமா? எங்க ஊருப் பொண்ணுவ கழுத்து வரைக்கும் மூடித்தான் நிப்பாங்க, பாத்த கண்ணு எடுக்க முடியாது" என்றாள் ரிஸ்வானா. இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். நீ இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, கழுத்துவரை ஏறும் காலர் வைத்து, முதுகில் மேலிருந்து கீழ்வரை முத்துப் பொத்தான்கள் வைத்தாய். முக்காட்டுக்கு என் பழைய கவுனின் உள்துணி. விளிம்பில் பசை தொட்டு ஒவ்வொரு முத்தாக ஒட்டி, பசை காய்ந்தபிறகு நூலும் போட்டாய். எல்லாம் பிளாஸ்டிக் முத்து. "நிஜ முத்து வாங்கணும்னா கடைய வித்துட்டு வரணும்" என்று சிரித்தாய்.

படம் எடுக்க இடம் தேடியபோது, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோணிகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடத்தைச் சொன்னான் ஜெபா. தார் பூசிய மரப்பலகைகளுக்கு முன்னால் அந்த நிறம் நிற்கும் என்றான். அங்கே வேலை பார்ப்பவர்கள் பாதிப்பேர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். நான் மாட்டேன் என்றேன். "நீயா படத்துல நிக்கப் போற? விளாத்திகுளத்துல இருந்து பொண்ணு வருது" என்றாய். அதனால் ஒப்புக்கொண்டேன். முக்காட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டாய்.

அந்தப் பெண் பிரியா, கல்லூரியில் படிப்பவள். கடற்கரையில் அதிகம் நின்றதில்லை போலிருக்கிறது. அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். கவுன் அவளுக்கு எல்லாப் பக்கமும் தொளதொளவென்று இருந்தது. முன்னால் பார்த்தால் தெரியாதபடி நீ முதுகு நெடுக ஊக்கு குத்தினாய். அவள் நன்றாகத்தான் நின்றாள். ஜெபா எடுத்த படங்களைக் காட்டினான், எல்லாருக்கும் பிடித்தது. நான் அவள் முதுகுப் பக்கம் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். தோளில் எவ்வளவு பிடித்திருக்கிறாய், இடுப்பில் எவ்வளவு, எங்கே பிடிக்கவே இல்லை. அந்தத் தையலைப் பிரித்தவள் நான். எனக்குத் தெரியாதா? நீ அதைப் பிரியாவின் அளவுக்கு வெட்டவே இல்லை. என் அளவுக்கு வெட்டியிருந்தாய்.

எல்லாம் முடிந்து ஜெபா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்தாய். "ஏளா, ஒரு தடவ நீ போடு."

"என்னையக் கேலி பண்ணுதியா?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போல. தோணியில் பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "இது நம்ம பிள்ளைல்லா? ஓல வாசிச்சு நின்னு போச்சே, அந்தப் பிள்ள."

அவள் இரக்கத்தோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ஜெபாவும் பிரியாவும் அதுவரை என் கதை அறியாதவர்கள். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் நடந்து போய் வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உடம்பு முழுக்க ஈரத்துணி ஒட்டியதுபோல் வெட்கம்.

நீ கதவைத் திறந்தாய். சமாதானம் சொல்லவில்லை.

"உன்ட்ட சொல்லாமச் செஞ்சது தப்புதான். ஆனா கத்திரிய எடுத்தா கை உன் அளவுக்குத்தான் போச்சு. ஊக்கு குத்தி இன்னொருத்தி மேல நின்னதப் பாத்துட்டேன், மனசு கேக்கல. நீ போட்டே ஆகணும்னு இல்ல. வேண்டாம்னா இப்பமே மடிச்சு உள்ள வச்சிருதேன்."

நான் ஏன் சரி என்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. துணிச்சல் வந்து அல்ல. இதற்குமேல் என்ன வெட்கம் மிச்சம் இருக்கிறது என்று தோன்றியிருக்கலாம். ரிஸ்வானா போர்வையைத் திரையாகப் பிடித்தாள். நீ முதுகில் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தாய். ஒரு ஊக்குகூடத் தேவைப்படவில்லை. ரிஸ்வானா முகத்தில் பௌடர்கூட வைக்கவில்லை. "வேணாம். நல்லாத்தான் சிவந்திருக்கு" என்றாள்.

வெளியே வந்து நின்றேன். தலையைத் தூக்க முடியவில்லை. ஜெபா, "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான். "அவளச் சிரிக்கச் சொல்லாத" என்று அவனை அதட்டினாய். தார் பூசுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். காற்று வந்தது, மேல்துணி விலகி உள்நிறம் தெரிந்தது. ஜெபா எடுத்தான்.

அந்தப் படம்தான் ஊரெல்லாம் சுற்றியது. குனிந்த முகம், சிவந்த காது, சிப்பி நிறக் கவுன். பிரியாவின் படங்களை யாரும் கேட்கவில்லை. நீ நினைத்ததுபோல் எனக்கு உடனே விடுதலையெல்லாம் கிடைத்துவிடவில்லை. யாருக்கும் தெரியாமல் கல்யாணம் முடித்துவிட்டேனா என்று சிலர் அம்மாவிடமே கேட்டார்கள். "மாப்பிள்ள இல்லாதவளுக்குக் கவுன் என்ன கேடு" என்று படத்துக்குக் கீழே யாரோ எழுதினார்கள். அந்தக் கப்பல் மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களில் ஒருவர்தான். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் உன் கடைக்குப் பெண்கள் வந்து, "அந்தச் சிப்பிக் கலர்ல" என்று கேட்டார்கள். நான் எல்லாரும் வரும் பழைய நேரத்துப் பூசைக்குத் திரும்பினேன். பார்க்க வேண்டியதையெல்லாம் எல்லாரும் பார்த்துவிட்டார்களே, இனி ஒளிந்து என்ன. முகம் சுடச் சுடத்தான் போனேன். போனேன்.

அதற்குப் பின் வந்ததை எழுதக் கை வரவில்லை. உயர அலமாரியிலிருந்து துணிக்கட்டை எடுக்க நீ இடக்கையைத் தூக்காமல் ஸ்டூல் போட்டு ஏறத் தொடங்கியிருந்தாய். துப்பட்டாவை இரட்டையாக மடித்து ஒரு பக்கமாகவே போட்டாய். கேட்டால், "தையக்காரிக்குத் தோள் வலிக்காதா" என்றாய். இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் மார்பிலும் அளவுநாடா பிடித்தவள் நீ. கூச்சப்படுகிற பிள்ளைகளை, "என்னத்த வெக்கம், எல்லாருக்கும் உள்ளதுதான" என்று அதட்டியவள். உனக்குக் கட்டி வந்தபோது ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ இருந்தது அண்ணன் வீட்டில்; அண்ணனிடம் எப்படிச் சொல்வது, மதினி என்ன நினைப்பாள், ஆம்பிளை டாக்டராக இருந்தால் எப்படிக் காட்டுவது. தாங்க முடியாமல் போய்ச் சொன்னபோது, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

அங்கே உன் கட்டிலில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அறையில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்.

"உன்னைய அத்தன பேரு முன்னால கொண்டுபோய் நிக்க வச்சேன். ஒரு டாக்டர் முன்னால நிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு பாத்தியாளா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் காது சிவந்திருந்தது. உன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என்னைப்போலவே நீயும் இதைச் சுமந்துகொண்டுதான் திரிந்தாய் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நான் ஊருக்கு முன்னால் சுமந்தேன். நீ துப்பட்டாவுக்குள் சுமந்தாய்.

நேற்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, இங்கேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். வரவேற்பில் ஒரு இளைஞன் இருந்தான். எனக்குப் பின்னால் வரிசை, ஆண்களும் நின்றார்கள். "என்ன பாக்கணும்?" என்று கேட்டான். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நர்ஸிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. முகம் பற்றி எரிந்தது. "மார்புல கட்டி கிட்டி இருக்கான்னு பாக்கணும்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு டைப் அடித்தான்.

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். என்னைவிட வயது கூடிய ஒரு பெண். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன். காலைல இருந்து உக்காந்திருக்கேன். அந்தப் பையன்ட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. நீ வந்து எனக்கும் சொல்லுதியாம்மா?"

எழுந்தேன். முகச்சூடு இன்னும் அடங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.